மேசையும் சாவியும் பிழையல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மாணவர் இணைப்பில் சென்ற வாரம் வெளியான, ஐரோப்பிய மொழிகளைப் பற்றிய கட்டுரையைப் படித்தேன். இத்தாலியம், ஸ்பானியம், போர்ச்சுகீசியம், பிரெஞ்சு, ருமேனியம் ஆகியவை லத்தீன் என்னும் ஒரே தாயின் பிள்ளைகள் என்பதைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்ல முன்வந்தது நல்ல காரியம். ஆனால் அந்தக் கட்டுரையில் மூன்று செய்திகள் தவறாக வந்துள்ளன. எழுதப்படிக்கத் தெரியாத மக்கள் லத்தீனைக் கொச்சையாக உச்சரித்ததால்தான் இம்மொழிகள் பிறந்தன என்பது ஒன்று. ஸ்பெயின் அரசர் ஒருவருக்கு நாக்கு தெற்றியதாம், அரசவையினரும் பின்னர் நாட்டு மக்களும் அவரைப் போலவே பேசப் பழகினார்களாம் என்பது இன்னொன்று. இத்தாலியின் வட்டார வழக்குகள் எல்லாம் இத்தாலிய மொழியின் சிதைவுகள் என்பது மூன்றாவது. என் பேத்தி படிக்கும் பள்ளியில் இந்தக் கட்டுரையைக் கத்தரித்து அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறார்கள். அதைக் கண்ட பிறகு சும்மா இருக்க மனம் வரவில்லை.

நான் மொழியியல் பட்டம் பெற்றவன் அல்லன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் சரக்குக் கப்பல்களில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். மத்தியதரைக் கடல் துறைமுகங்களில் பழுதுபார்ப்புக்காகக் கப்பல் நின்ற நாள்களில், கூட வேலை செய்தவர்களின் பேச்சைக் கேட்டுக் கேட்டு ஆர்வம் பிறந்து, பின்னர் கிடைத்த நூல்களை எல்லாம் படித்தவன். ஆகவே கண்டதையும் கேட்டதையும் முதலில் சொல்லி, படித்ததை அதன் பக்கத்தில் வைக்கிறேன்.

இத்தாலியின் மேற்குக் கரையிலுள்ள லிவோர்னோ துறைமுகத்தில் எங்கள் கப்பல் ஒருமுறை ஏழு வாரம் நின்றது. பட்டறைத் தொழிலாளர்களின் உணவுக்கூட வாசலில் ‘மென்ஸா’ என்று பெரிதாக எழுதியிருக்கும். லத்தீனில் மேசைக்கு அதுதான் சொல். அது இன்றைய இத்தாலியத்தில் உணவுக்கூடத்தைக் குறிக்கிறது. நம் வீடுகளில் கிடக்கும் மேசையும் அதே சொல்தான். போர்ச்சுகீசியரின் ‘மேஸா’வைக் கேட்டு நாம் மேசை என்றோம். இரண்டுக்கும் இடையே ஒரு ‘ன்’ காணாமல் போயிருக்கிறது. அது லத்தீன் காலத்திலேயே போயிற்று என்பதற்குச் சான்று இருக்கிறது. வடஇத்தாலியின் பொப்பியோ மடத்திலிருந்து வந்து இன்று நேப்பிள்ஸ் நூலகத்தில் உள்ள ஒரு பழஞ்சுவடியில், யாரோ ஓர் இலக்கண ஆசிரியர் தொகுத்த 227 திருத்தங்கள் உள்ளன. ‘புரோபஸின் பின்னிணைப்பு’ என்று அதைச் சொல்வார்கள். ‘இது சரி, அது அன்று’ என்னும் ஒரே வாய்பாட்டில் வரிவரியாகப் போகும் அந்தப் பட்டியலில், ‘மென்ஸா, மேஸா அன்று’ என்பதும் ஒரு வரி. அதாவது, அந்த வாத்தியார் சிவப்பு மையால் அடித்த பிழையைத்தான் நாம் தலைமுறை தலைமுறையாகத் தமிழ்ச் சொல்லாகப் புழங்கி வருகிறோம்.

அவர் தவறென்று ஒதுக்கிய பத்தியை மட்டும் தனியே எடுத்துப் படித்தால், இன்றைய ஐரோப்பிய மொழிகளின் அகராதி போலவே இருக்கிறது. ‘கலிதா, கல்தா அன்று’ என்கிறார்; சூடானதற்கு இன்றைய இத்தாலியச் சொல் கல்தா. ‘அக்வா’வின் வல்லொற்றை நீட்டிச் சொல்லாதே என்கிறார், தண்ணீருக்கு இத்தாலியர் இன்று எழுதுவதும் பேசுவதும் அந்த நீட்டிய வடிவத்தைத்தான். ‘ஓக்குலுஸ், ஓக்லுஸ் அன்று’, ‘ஸ்பெக்குலும், ஸ்பெக்லும் அன்று’, ‘அவுரிஸ், ஓரிக்லா அன்று’ என்று கண்ணுக்கும் கண்ணாடிக்கும் காதுக்கும் உரிய சொற்களைத் திருத்துகிறார். திருத்தப்பட்ட வடிவங்களில் எல்லாம் ‘க்ல்’ என்னும் கூட்டு வருவதைக் கவனிக்க வேண்டும். இந்தக் கூட்டு இத்தாலியத்தில் ‘க்கி’ ஆயிற்று: ஒக்கியோ, ஸ்பெக்கியோ, ஒரெக்கியா. போர்ச்சுகீசியத்தில் ‘ல்ய்’ ஆயிற்று: ஓல்யு, எஷ்பெல்யு, ஒரெல்யா. ஸ்பானியத்தில் தொண்டையிலிருந்து வரும் ‘ஹ்’ ஆயிற்று: ஓஹோ, எஸ்பெஹோ, ஒரெஹா. வாய்க்கு வந்தபடி கொச்சையாகப் பேசியவர்கள் கண், காது, கண்ணாடி மூன்றிலும் ஒரே தவற்றை ஒரே விதமாகச் செய்திருக்க முடியுமா? அந்தந்த நாட்டில் அந்தந்த ஒலி ஒரு வழக்கத்துக்குக் கட்டுப்பட்டு மாறியிருக்கிறது.

எழுதப்படிக்கத் தெரியாதவர்கள் செய்தது என்பதும் நிற்காது. ரோமானியர் தங்கள் தலைமைப் பதவியான ‘கொன்சுல்’ என்பதைக் கல்வெட்டில் சுருக்கி எழுதும்போது, ‘ன்’ இல்லாமல் ‘கோஸ்’ என்றே வெட்டினார்கள். ‘ஸ்’ முன் வரும் ‘ன்’னை விழுங்கும் பழக்கம் அரசாங்கக் கல்வெட்டிலேயே உறைந்து போகும் அளவுக்குப் பழையது. மேஸா என்று சொன்னவர்களில் மேட்டுக்குடியினரும் இருந்திருக்க வேண்டும் என்றே நினைக்கிறேன்.

இனி சாவிக்கு வருகிறேன். இத்தாலியில் பூட்டைத் திறக்கும் சாவிக்கும் ‘கியாவே’ என்றுதான் பெயர், மரையைத் திருகும் ஸ்பேனருக்கும் அதே பெயர்தான். ஆகவே பட்டறையில் ஒரு நாளைக்கு நூறு முறையாவது அந்தச் சொல் காதில் விழும். என்னோடு வேலை செய்த லிவோர்னோக்காரர், தூக்கிக் கொடு என்று கையை நீட்டும்போது ‘லா யாவே’ என்பார். அதில் ‘க்’ மருந்துக்கும் இராது. நேப்பிள்ஸிலிருந்து வந்திருந்த ஃபிட்டர் ‘க்’கை அழுத்திச் சொல்லி, கடைசி உயிரை விழுங்கி, ‘அ கியாவ்’ என்பார். பின்னொரு முறை ஜெனோவா துறைமுகத்தில் ஒரு கிழவர் கருவிப் பெட்டியைத் துழாவிக்கொண்டே ‘ச்சாவே’ என்று சொன்னபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தூத்துக்குடியில் என் தாயார் முந்தானையில் முடிந்து வைத்திருந்த சாவி அந்த ஊரில் எப்படி வந்தது என்று அன்றிரவு முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன்.

விடை பிறகு நூல்களில் கிடைத்தது. லத்தீனில் சாவிக்குக் ‘க்லாவிஸ்’, அதன் வேற்றுமை வடிவம் ‘க்லாவெம்’. சொல்லின் முதலில் நின்ற இந்தக் ‘க்ல்’ இத்தாலியத்தில் ‘கிய்’ ஆயிற்று. ஸ்பானியத்தில் ‘ல்ய்’ ஆகி, மாட்ரிட் முதலிய பெரும்பாலான இடங்களில் இன்று வெறும் ‘ய்’யாக ஒலிக்கிறது. போர்ச்சுகீசியத்தில் ‘ச்ச’ ஆயிற்று. பிரெஞ்சிலும், ஸ்பெயினின் கிழக்குக் கரையில் பேசப்படும் காத்தலானிலும் மாறாமல் நின்றது: க்லே, க்லாவ். மாட்ரிட்காரர் சொல்லும் ‘யாவே’யும் லிவோர்னோக்காரர் சொன்ன ‘யாவே’யும் காதுக்கு ஏறக்குறைய ஒன்றுதான், ஆனால் வந்த வழி முற்றிலும் வேறு. ஜெனோவாவும் போர்ச்சுகலும் அவ்வாறே தனித்தனியே நடந்து ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. சாவியோடு இது நிற்கவில்லை என்பதுதான் முக்கியம். மழைக்கும் (ப்லுவியா) நிறைந்ததற்கும் (ப்லேனுஸ்) தீச்சுடருக்கும் (ஃப்லம்மா) உரிய லத்தீன் சொற்களும், முதலில் ‘ப்ல்’, ‘ஃப்ல்’ என்ற கூட்டுகளைக் கொண்டிருந்தமையால், போர்ச்சுகீசியத்தில் சாவியின் அதே ஒலியை ஏற்றன, ஸ்பானியத்தில் யுவியா, யேனோ, யாமா என்று ‘ய’கரத்தில் தொடங்குகின்றன, இத்தாலியத்தில் பியோஜ்ஜா, பியேனோ, ஃபியம்மா என்று ‘ல்’ மட்டும் ‘இ’யாகக் கரைந்து நிற்கின்றன. விதிவிலக்கே இல்லையா என்றால், இருக்கிறது. போர்ச்சுகீசியத்தில் ‘தெளிவான’ என்பதற்குக் ‘க்லாரு’ என்ற சொல் உண்டு. இப்படிப்பட்டவை பெரும்பாலும் படித்தவர்கள் ஏட்டு லத்தீனிலிருந்து பிற்காலத்தில் மீண்டும் எடுத்துக்கொண்டவை. மாற்றம் நடந்தபோது தெருவில் இல்லாத சொல்லை மாற்றம் எப்படித் தொடும்?

போர்ச்சுகீசியர் 16-ஆம் நூற்றாண்டில் முத்துக்குளித்துறைக்கு வந்தபோது, சாவியை ‘ச்சாவே’ என்று அழுத்தமான சகரத்தோடுதான் சொன்னார்கள். இந்தியிலும் இன்று சாவிக்குச் சொல்லப்படும் ‘ச்சாபி’ அந்த ஒலியைத்தான் காத்து வைத்திருக்கிறது. பின்னர் லிஸ்பன் பகுதியில் அது மெலிந்து ‘ஷாவே’ ஆகி, அதுவே செந்நெறி உச்சரிப்பும் ஆயிற்று. ஆனால் போர்ச்சுகலின் வடகோடி மலைநாட்டில், த்ராஷ் உஷ் மோந்தெஷ் போன்ற இடங்களில், பழைய ‘ச்சாவே’யைச் சொல்கிறவர்கள் உண்டு. தலைநகரத்தார் காதுக்கு அது நாட்டுப்புறத்தான் பேச்சு. உண்மையில் மாறியவர்கள் தலைநகரத்தார்; மலைநாட்டார் இருந்த இடத்திலேயே இருக்கிறார்கள். இதில் யாருடைய பேச்சைச் சிதைவு என்பது?

அடுத்து அரசரின் தெற்று நாக்கு. ஸ்பெயினின் வடக்கிலும் நடுப்பகுதியிலும் நாநுனியைப் பற்களுக்கிடையே வைத்து ஊதிச் சொல்லும் ஓர் ஒலி உண்டு. நம் ‘கதை’யில் வரும் தகரத்தைக் குரல் அதிராமல் மூச்சால் மட்டும் சொல்லிப் பார்த்தால் ஏறக்குறைய அது வரும். இதைத்தான் அரசரிடமிருந்து தொற்றியது என்கிறார் கட்டுரையாளர். 14-ஆம் நூற்றாண்டில் காஸ்தீலியாவை ஆண்ட பெத்ரோ என்னும் அரசருக்குப் பேச்சில் சிறிது தெற்று இருந்ததாக அக்கால வரலாற்றாசிரியர் எழுதி வைத்திருப்பது உண்மை. அந்த ஒரு வரியிலிருந்துதான் கதை முளைத்திருக்க வேண்டும். ஆனால் பெத்ரோ இறந்தது 1369-இல். இந்த ஒலி ஸ்பானியத்தில் உருவாகி நிலைபெற்றதோ 16, 17-ஆம் நூற்றாண்டுகளில். செத்த அரசரைப் பார்த்து இருநூறு ஆண்டு கழித்து யார் தெற்றப் போகிறார்கள்?

காலக்கணக்கை விட்டுவிட்டு, பேச்சை மட்டும் பார்த்தாலும் கதை உடைகிறது. தெற்றுவாய் உள்ளவருக்கு எல்லா ‘ஸ்’ஸும் தெற்றும். மாட்ரிட்டில் அப்படி இல்லை. வீட்டுக்குக் ‘காஸா’ என்று தெளிவான ‘ஸ்’ஸையும், வேட்டைக்குக் ‘காத்ஹா’ என்று எழுத வேண்டிய அந்தப் பல்லிடை ஒலியையும் பிசகாமல் பிரித்துச் சொல்கிறார்கள். எந்தச் சொல்லில் எது என்பது எழுத்திலும் தெரியும், குழந்தைக்கும் தெரியும். இந்தப் பாகுபாட்டுக்குக் காரணம் பழைய காஸ்தீலிய மொழியில், அதாவது அன்றைய ஸ்பானியத்தில், ‘ஸ்’ வேறாகவும், ‘த்ஸ்’ வேறாகவும் இருந்ததுதான். ‘ஸ்’ அப்படியே நின்றது. ‘த்ஸ்’ தன் முன்பாதியின் அடைப்பை இழந்து, பக்கத்து ‘ஸ்’ஸோடு குழம்பாதிருக்க நாக்கை இன்னும் முன்னே தள்ளி, பற்களுக்கிடையே போய் நின்றது. தெற்கே அண்டலூசியாவில் இரண்டும் ஒன்றாகக் கலந்துவிட்டன. செவில்லா நகரில் கலந்து ‘ஸ்’ ஆயிற்று. காதிஸ் நாட்டுப்புறங்களில் கலந்து பல்லிடை ஒலி ஆயிற்று. அங்கேதான் வீட்டையும் வேட்டையையும் ஒருசேரத் தெற்றிச் சொல்வதுபோல் கேட்கும். வேடிக்கை என்னவென்றால், அந்த ஊர்க்காரர்களைப் பார்த்து மாட்ரிட்காரர்கள் சிரிக்கிறார்கள். அவர்களுக்கு மட்டும் அரசர் கதை கைகொடுப்பதில்லை. அமெரிக்கக் கண்டங்களுக்குப் போன கப்பல்கள் செவில்லாவிலிருந்து புறப்பட்டவை, குடியேறியவர்களில் பெரும்பங்கினர் தெற்கத்தியர். ஆகவே மெக்சிகோவிலிருந்து அர்ஜென்டினா வரை எல்லோருக்கும் ஒரே ‘ஸ்’தான்.

இந்த ஒலி பிற்காலத்தது என்பதற்கு உயிருள்ள சான்றும் உண்டு. 1492-இல் ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்ட யூதர்கள் இஸ்தான்புல்லிலும் தெசலோனிகியிலும் குடியேறி, தங்கள் ஸ்பானியத்தைத் தலைமுறைகளாகப் பேசி வந்தார்கள். அவர்கள் பேச்சில் பல்லிடை ஒலி கிடையாது. இன்றைய ஸ்பானியத்தின் கரகரத்த ‘ஹ்’கூட கிடையாது. ‘சொன்னான்’ என்பதற்கு மாட்ரிட்டில் ‘திஹோ’ என்றால், அவர்கள் ‘தீஷோ’ என்பார்கள். மூட்டை கட்டிக்கொண்டு போன ஆண்டில் ஸ்பானியம் எப்படி ஒலித்ததோ அப்படியே கொண்டு போயிருக்கிறார்கள். ஹெரேஸ் நகரத்து மதுவை ஆங்கிலேயர் இன்றும் ‘ஷெர்ரி’ என்பதும், கிஹோத்தே என்னும் புகழ்பெற்ற கதைத்தலைவனைப் பிரெஞ்சுக்காரர் ‘கிஷோத்’ என்பதும் அந்தப் பழைய ‘ஷ்’ஷின் எச்சங்களே.

அரசர் உச்சரிப்புக்கு உண்மையான கதை வேண்டுமானால் பிரான்சில் இருக்கிறது, அது கட்டுரையாளர் சொன்னதற்கு நேர்மாறாகப் போகிறது. புரட்சிக்கு முந்தைய பிரான்சில், ‘நான்’, ‘அரசன்’ என்னும் சொற்களை அரண்மனையில் ‘ம்வே’, ‘ர்வே’ என்றே சொன்னார்கள். பாரிஸ் தெருவில் சாமானியர்கள் ‘ம்வா’, ‘ர்வா’ என்றார்கள், இலக்கணக்காரர்கள் அதைக் கண்டித்தார்கள். 1789-க்குப் பிறகு அரண்மனையே போயிற்று, தெருவின் உச்சரிப்பு செந்நெறியாயிற்று. இன்று கனடாவின் கெபெக் நாட்டுப்புறத்தில் ஒருவர் ‘ம்வே’ என்றால் பாரிஸ்காரர் பட்டிக்காடு என்கிறார். பதினான்காம் லூயியின் வாயில் இருந்த அதே உயிரொலி.

தமிழ் வாசகருக்கு எளிதில் விளங்கக்கூடிய, ஆனால் கட்டுரையில் இடம்பெறாத ஒன்றைச் சொல்ல வேண்டும். நாம் ‘பக்கம்’ என்னும்போது ககரம் கல்போல் நிற்கிறது, ‘பகல்’ என்னும்போது இளகுகிறது. எழுத்து ஒன்றே ஆனாலும் இரட்டித்தால் வன்மை, உயிர்களுக்கிடையே தனித்து நின்றால் மென்மை. லத்தீனின் மேற்குப் பிள்ளைகளில் இதே கதைதான் நடந்தது. தோழிக்கு லத்தீனில் ‘அமீகா’, அதில் ஒற்றைக் ககரம். அது ஸ்பானியத்திலும் போர்ச்சுகீசியத்திலும் இளகி, நம் ‘பகல்’ ககரத்துக்கு அருகில் வந்துவிட்டது. பசுவுக்கு ‘வக்கா’, அதில் இரட்டைக் ககரம். அது ஒற்றையாகக் குறைந்ததே தவிர வன்மையை இழக்கவில்லை. இத்தாலிய மொழியோ இரட்டை ஒற்றுகளை இன்றும் அப்படியே காக்கிறது. ‘பாலா’ என்றால் மண்வெட்டி, ‘பல்லா’ என்றால் பந்து. நம்மவர்கள் இத்தாலியத்தை எளிதில் கற்றுக்கொள்வதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் அனுபவம். எங்கள் கப்பலின் ஆங்கிலேய அதிகாரி ஏழு வாரமும் பந்தைக் கேட்டு மண்வெட்டியைத்தான் வாங்கினார்.

லிவோர்னோ இருக்கும் தொஸ்கானா மாநிலத்தில் இதற்கு இன்னொரு படி இருக்கிறது. வீட்டுக்கு அங்கேயும் ‘காஸா’தான். ‘அந்த வீடு’ என்று சொல்லும்போது, முன்னே உயிரொலி வருவதால், ஃபுளோரன்ஸ்காரர் ‘லா ஹாஸா’ என்பார். லிவோர்னோக்காரர் இன்னும் ஒருபடி போய் ‘லா ஆஸா’ என்பார். ஆனால் ‘வீட்டுக்கு’ என்று சொல்லும்போது இருவருமே ‘அக்காஸா’ என்று ஒற்று மிகுத்து, ககரத்தைக் கெட்டியாகச் சொல்வார்கள். எழுத்தில் அந்த மிகுதல் தெரியாது. நாம் ‘இந்தக் கடை’ என்று மிகுத்தும் ‘நல்ல கடை’ என்று மிகாமலும் சொல்வது போலத்தான் இது, காரணமும் தெளிவானது. ‘வீட்டுக்கு’ என்பதில் உள்ள ‘அ’, லத்தீனில் ‘அத்’ என்று மெய்யில் முடிந்த சொல். அந்த ‘த்’ பக்கத்துக் ககரமாக மாறி, அதன் மேலேயே ஏறி உட்கார்ந்துவிட்டது. தனியே பார்த்தால் அது மறைந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்டுகள் ஆகின்றன; அடுத்த சொல்லின் முதலெழுத்தில் இன்னும் இருக்கிறது. இரட்டை ஒற்றுகளைக் கைவிட்ட வடஇத்தாலியர் இந்த இடத்திலும் மிகுப்பதில்லை. தொஸ்கானாக்காரரோ மிகுக்காமல் பேசவே முடியாது. அவர்கள் தகரத்தையும் விடுவதில்லை: விரலுக்கு உரிய ‘தீத்தோ’ என்னும் சொல்லின் இரண்டாவது தகரத்தை, ஸ்பெயின்காரர் வேட்டையைச் சொல்கிற அதே பல்லிடை ஒலியாக்கிச் சொல்வார்கள். அங்கே தெற்றுவாய் அரசர் ஒருவரும் ஆண்டதாகக் கேள்வியில்லை.

ஒலி மாறுவது எவ்வளவு கண்டிப்பானது என்பதற்கு நான் படித்தவற்றுள் எனக்கு மிகவும் பிடித்த சான்று, தென்மேற்கு பிரான்சின் கஸ்கோன் நாட்டுச் சேவல். ஜூல் ஜிலியெரோன் என்னும் அறிஞர், எத்மோன் எத்மோன் என்னும் காதுநுட்பம் மிக்க ஒரு மளிகைக்கடைக்காரரை, 1897 முதல் 1901 வரை பிரான்சின் 639 ஊர்களுக்கு அனுப்பி, ஊருக்கு ஊர் சொற்களைக் கேட்டெழுதி வரச்செய்து மொழிப் படத்தொகுதி ஒன்றை வெளியிட்டார். அதில் ஒரு விந்தை தெரிந்தது. கஸ்கோன் பேச்சில் சொல்லிறுதியில் நின்ற லத்தீன் ‘ல்ல்’ ஒரு பகுதியில் ‘ட்’ போன்ற ஒலியாக மாறியது. அதன்படி சேவலைக் குறிக்கும் ‘கல்லுஸ்’ அங்கே ‘கட்’ ஆக வேண்டும். ஆனால் பூனைக்கு ஏற்கெனவே ‘கட்’ என்றுதான் பெயர். குடியானவன் வீட்டில், ‘சேவலைப் பூனை கொண்டுபோயிற்று’ என்று அலற வேண்டிய நேரத்தில் இரண்டுக்கும் ஒரே சொல் என்றால் என்னாவது? ஒலிமாற்றம் சேவலுக்காக ஒதுங்கி நிற்கவில்லை. மக்கள்தான் சேவலுக்கு வேறு பெயர் தேடிக்கொண்டார்கள். சில ஊர்களில் கோழிக் குடும்பத்து ஃபெஸன்ட் பறவையின் பெயரைச் சேவலுக்கு வைத்தார்கள். சில ஊர்களில் ‘விக்காரியுஸ்’ என்னும் லத்தீன் பதவிப் பெயரின் வழிவந்த ‘பிகே’ என்ற சொல்லை, கொண்டையும் நடையும் கண்டோ என்னவோ, சேவலுக்குச் சூட்டினார்கள். ‘ல்ல்’ இவ்வாறு மாறாத பக்கத்து ஊர்களில் பழைய பெயர் பத்திரமாக இருக்கிறது. இவ்விரண்டு எல்லைகளும் படத்தில் ஒன்றன்மேல் ஒன்று படிவதைக் கண்டுதான் ஜிலியெரோன் இந்த முடிவுக்கு வந்தார்.

கஸ்கோன் பேச்சும் காஸ்தீலியப் பேச்சும் சேர்ந்து இழந்த இன்னோர் ஒலி, சொல்லின் முதலில் நின்ற ‘ஃப’. மாவுக்கு உரிய லத்தீன் ‘ஃபரீனா’ ஸ்பானியத்தில் முதலில் ‘ஹரீனா’ ஆகி, இன்று ‘அரீனா’வாக ஒலிக்கிறது, போர்ச்சுகீசியத்தில் ‘ஃபரீஞா’. பக்கத்து பாஸ்க் மொழியின் தாக்கம் என்று ஒரு சாராரும், தானாக நடந்தது என்று மற்றொரு சாராரும் இன்றும் வாதாடுகிறார்கள். எங்கள் ஊரில் தெருவுக்கு ஒரு பர்னாந்து குடும்பம் இருக்கும். ஸ்பெயினில் இதே பெயரிலிருந்து பிறந்த குடும்பப் பெயர், ஃபெர்னாந்தெஸ் என்றும் எர்னாந்தெஸ் என்றும் இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. எங்களுக்குப் பெயர் வைத்தவர்கள் காஸ்தீலியக்காரர்களாக இருந்திருந்தால், எங்கள் பக்கத்து வீட்டார் இன்று எர்னாந்து என்று கையெழுத்திட்டிருக்கவும் கூடும்.

இத்தாலிய வட்டார வழக்குகளைச் சிதைந்த இத்தாலியம் என்பதற்கு நீண்ட மறுப்பு தேவையில்லை. நேப்பிள்ஸ் பேச்சும் வெனிஸ் பேச்சும் சிசிலிப் பேச்சும் லத்தீனிலிருந்து நேராக வந்தவை, இத்தாலியம் என்று இன்று நாம் சொல்வது ஃபுளோரன்ஸ் வழக்கின் எழுத்து வடிவத்திலிருந்து வந்தது. அவை அதன் தங்கைகளே தவிர மகள்கள் அல்லர். 1861-இல் நாடு ஒன்றானபோது, இத்தாலியம் பேசத் தெரிந்தவர்கள் மக்கள்தொகையில் 2.5 விழுக்காட்டினரே என்று துல்லியோ தெ மவுரோ என்னும் அறிஞர் கணக்கிட்டார். ஏறக்குறையப் பத்து விழுக்காடு என்று பின்னர் வேறொருவர் கணக்கிட்டார். பெரிய கணக்கையே எடுத்துக்கொண்டாலும், பத்தில் ஒன்பது பேர் தாங்கள் ஒருநாளும் பேசியிராத மொழியைச் சிதைத்தார்கள் என்றாகிறது. 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கவிஞர் தாந்தே, தம் நாட்டில் குறைந்தது 14 வழக்குகள் உண்டென்று எண்ணி, தம் சொந்தத் தொஸ்கானாவையும் விடாமல் ஒவ்வொன்றையும் குறை சொன்னார். சார்தீனியத் தீவாரைப் பற்றி அவர் சொன்னது மிகக் கடுமை: குரங்கு மனிதனைப் பார்த்துச் செய்வதுபோல் லத்தீனைப் பார்த்துச் செய்கிறார்கள் என்றார். ஆனால் ‘நூறு’ என்பதற்குச் ரோமானியப் பேச்சாளர் சிசரோவின் காலத்தவர் ‘கெந்தும்’ என்றார்கள். இத்தாலியர் ‘ச்செந்தோ’ என்கிறார்கள்; பிரெஞ்சுக்காரர் மூக்கால் ‘ஸான்’ என்பதோடு முடித்துக்கொள்கிறார்கள்; சார்தீனியாவின் நடுப்பகுதி ஆட்டிடையர்கள் இன்றும் ‘கெந்து’ என்கிறார்கள். சிசரோவேகூட தம் பெயரைக் ‘கிகெரோ’ என்றுதான் சொல்லியிருப்பார்.

பிரான்சில் 1794-ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஆயர் கிரெக்வார், வட்டாரப் பேச்சுகளை ஒழிக்க வேண்டும் என்று தேசிய மாமன்றத்தில் அறிக்கை படித்தார். பிரெஞ்சைத் தூய்மையாகப் பேசுவோர் முப்பது லட்சத்துக்கு மேல் இல்லை என்பது அவர் சொன்ன கணக்கு. அடுத்த நூற்றாண்டில், பள்ளியில் தாய்ப்பேச்சைப் பேசிய பிள்ளையின் கழுத்தில் அடையாளக் கட்டையை மாட்டிவிட்டார்கள். சிதைவு என்ற சொல்லை மாணவர் இணைப்பில் அச்சடிப்பதற்கு முன் இதையும் கட்டுரையாளர் எண்ணிப் பார்த்திருக்கலாம்.

இடம் இருந்தால் இக்கடிதத்தைச் சுருக்கியேனும் வெளியிட வேண்டுகிறேன். இடம் இல்லையென்றால், அரசரின் தெற்று நாக்குப் பற்றிய பத்தி தவறானது என்ற ஒரு திருத்தக் குறிப்பையாவது அடுத்த மாணவர் இணைப்பில் வெளியிட்டால் போதும். பேத்தியிடம் கொடுத்து, அதே அறிவிப்புப் பலகையில், அந்தக் கட்டுரைக்குப் பக்கத்தில் ஒட்டச் சொல்வேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற கப்பல் பொறியாளர்,
தூத்துக்குடி